தையல்காரர் மகனும் 4.7 ஜிபி டிஸ்க்கும்

மூன்றாவது செமஸ்டர், எம்3 பேப்பர். இந்தப் பெயரைச் சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். ஃபூரியர் தொடர், ஃபூரியர் உருமாற்றம், வெப்பச் சமன்பாடு என்று ஒரே ஆளின் பெயர்தான் யூனிட்டுக்கு யூனிட் வரும். ஏ-நாட், ஏ-என், பி-என் மூன்றையும் கண்டுபிடிச்சு, 16 மார்க் கணக்கை முடிச்சுட்டு, இது எல்லாம் நமக்கு எதுக்குன்னு ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க.

பதில் உங்க வீட்டு அலமாரியிலேயே இருக்கு. அக்கா கல்யாண டிவிடியை எடுத்துப் பாருங்க. ரெண்டு மணி நேரக் கல்யாணம் அந்த வட்டத் தகட்டுக்குள்ள அடங்கியிருக்குன்னா, அதுக்கு வழி போட்டவர்களில் முதல் ஆள் இந்த ஃபூரியர்தான். மின்விளக்கைக்கூடப் பார்க்காமல் 1830-ல் செத்துப்போன மனுஷன். இந்த இதழில் அவர் கதையைப் பார்ப்போம். முடிவில் உங்க வீடியோவை டிஸ்க்கில் அடக்கும் கணக்கும் வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சித்திரைத் திருவிழாவுக்குப் போய் ரெண்டு மணி நேரம் வீடியோ எடுத்திருக்கீங்கன்னு வைங்க. ஊரில் இருக்கும் பாட்டி பார்க்கணும். பாட்டி வீட்டில் டிவிடி பிளேயர்தான் உண்டு. ஒரு சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். (கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுப்பதால் 4.38 என்று காட்டும். இடம் குறையவில்லை, கணக்கு முறைதான் வேறு.) பிட்டில் சொன்னால் 3,760 கோடி.

நம்ம நாட்டு டிவிடியில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. நிறத்துக்குக் கொஞ்சம் சிக்கனம் பிடித்த பிறகும் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் வேணும். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 12.44 கோடி பிட். இப்படியே டிஸ்க்கில் கொட்டினால் 302 நொடியில் டிஸ்க் நிறைஞ்சிடும். வெறும் 5 நிமிஷம். அழகர் தல்லாகுளத்தை விட்டுக் கிளம்பக்கூட அது பத்தாது.

ரெண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி. 3,760 கோடியை அதால் வகுத்தால் நொடிக்கு 52 லட்சம் பிட்தான் கிடைக்கும். தேவையோ 12.44 கோடி. அதாவது 24 பங்கில் 23 பங்கை எழுதாமலே விடணும். பாட்டிக்கு அது தெரியவும் கூடாது. எந்த 23 பங்கு? இந்தக் கேள்வியைக் கையில் வச்சுக்கிட்டு, 250 வருஷம் பின்னாடி போவோம்.

ஒசேர் ஊரின் அநாதைப் பையன்

மதுரைப் புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலத்தை நீங்களோ உங்க வீட்டுப் பெரியவர்களோ பார்த்திருப்பீங்க. அப்படி ஒரு தையல்காரர் வீட்டில்தான் ஜோசப் ஃபூரியர் பிறந்தார். ஊர், பிரான்ஸ் நாட்டில் உள்ள ஒசேர். நாள், 1768 மார்ச் 21. வீடு நிறையப் பிள்ளைகள். இவருக்கு 9 வயதானபோது அம்மா இறந்தார். அடுத்த வருஷமே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

ஊர்க்காரர்கள் தயவில் பையன் உள்ளூர் ராணுவப் பள்ளியில் சேர்ந்தான். நடத்தியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். முதலில் இலக்கியத்தில்தான் கெட்டிக்காரன். 13 வயது வாக்கில் கணக்குப் பைத்தியம் பிடித்தது. பெஸூ என்பவர் எழுதிய 6 பாகக் கணிதப் பாடநூலை 14 வயதுக்குள் முடித்துவிட்டான். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வச்சுக்கிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு ஒளிந்து உட்கார்ந்து படித்ததாக ஒரு கதை உண்டு.

படிப்பு முடிந்ததும் பீரங்கிப் படையில் சேர ஆசை. அங்கே கணக்குத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு. ஆனால் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை இல்லை என்ற காரணத்தால் கதவு சாத்தப்பட்டதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேறு வழியில்லாமல் 1787-ல் துறவி மடத்தில் சேர்ந்தார். உறுதிமொழி எடுக்கும் முன்பே, 1789-ல், அதையும் விட்டுவிட்டார். அந்த வருஷம் பிரான்ஸே தலைகீழாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி.

ஃபூரியர் தான் படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். பிறப்பை வைத்து மனுஷனை அளக்காத ஒரு நாடு வரப்போகிறது என்று நம்பியவர் அவர். அதனால் உள்ளூர்ப் புரட்சிக் குழுவிலும் சேர்ந்தார். ஆனால் புரட்சி சீக்கிரமே தன் ஆட்களையே விழுங்க ஆரம்பித்தது. வேறு ஊர் விவகாரம் ஒன்றில், பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பேசினார். அது போதுமே. 1794 ஜூலையில் சிறை. அந்த நாட்களில் சிறைக்கு அடுத்த ஸ்டாப் கில்லட்டின்தான். அதே மாதக் கடைசியில் ரோபெஸ்பியர் ஆட்சி கவிழ்ந்து அவர் தலையே உருண்டது. ஃபூரியர் தலை தப்பியது. வயது 26.

பாரிஸிலிருந்து கெய்ரோவுக்கு

புதிய அரசுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஆசிரியர்களை உருவாக்க 1795-ல் பாரிஸில் எக்கோல் நார்மல் என்ற பள்ளி திறந்தது. ஒசேர் ஊர் ஃபூரியரை மாணவராக அனுப்பியது. அங்கே பாடம் எடுத்தவர்கள் யார் தெரியுமா? லக்ராஞ்சி, லாப்லாஸ், மோன்ஜ். நம்ம சிலபஸ்ல பாதி இவங்கதான். சீக்கிரமே எக்கோல் பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தது. 1797-ல் லக்ராஞ்சி வகித்த பேராசிரியர் பதவிக்கே வந்துவிட்டார்.

இப்படியே போயிருந்தால் நல்ல வாத்தியார் என்ற பெயரோடு முடிந்திருக்கும். ஆனால் 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படை எடுத்தபோது, படையோடு அறிஞர்கள் கூட்டத்தையும் கப்பலில் ஏற்றினார். அதில் ஃபூரியரும் ஒருவர். கெய்ரோவில் தொடங்கிய எகிப்து ஆய்வுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். சில வாரங்களிலேயே ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக் கப்பல்களை அழித்துவிட, திரும்ப வழி இல்லாமல் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். 1801 வரை ஃபூரியர் அங்கேதான். நிர்வாகம், பேச்சுவார்த்தை, பழைய கோயில்களை அளப்பது என்று எல்லா வேலையும் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் மறுபடி பாலிடெக்னிக்குக்குப் போய்ப் பாடம் நடத்தத்தான் ஆசை. நெப்போலியன் விடவில்லை. 1802-ல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள இசேர் மாவட்டத்துக்கு நிர்வாகியாகப் போட்டுவிட்டார். நம்ம ஊர்க் கணக்கில் கலெக்டர். தலைநகர் கிரெனோபிள்.

கலெக்டராக அவர் சும்மா இருக்கவில்லை. பூர்குவான் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் பரப்பிக்கொண்டிருந்த பெரிய சதுப்பு நிலத்தை வடித்தார். அதுக்கு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஊர்ச் சபையையும் சம்மதிக்க வைக்கவேண்டியிருந்தது. கண்மாய்த் தண்ணிக்கு ஊருக்கு ஊர் நடக்கும் பஞ்சாயத்தை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலைன்னு புரியும். இத்தாலியின் டூரின் நகருக்கு மலைவழிச் சாலையும் போட வைத்தார். எகிப்து பற்றிய மாபெரும் நூல் வரிசைக்கு முன்னுரை எழுதினார். சாம்போலியோன் என்ற உள்ளூர் இளைஞரின் எகிப்து ஆர்வத்துக்கு ஊக்கம் கொடுத்தார். அந்த இளைஞர்தான் 1822-ல் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தவர்.

இத்தனைக்கும் நடுவில், ஃபைலுக்கும் ஃபைலுக்கும் இடையே கிடைத்த நேரத்தில், ஃபூரியர் ஒரு இரும்பு வளையத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

இரும்பு வளையம் சொன்ன ரகசியம்

வளையத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்குவார். வளையத்தில் ஆங்காங்கே துளை போட்டு வெப்பமானி வைத்திருப்பார். நெருப்பை எடுத்த பிறகு எந்த இடத்தில் எப்போது எவ்வளவு சூடு என்று குறித்துக்கொள்வார். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்காகச் சொல்ல முடியுமா? இதுதான் அவர் கேள்வி.

வளையத்தில் சூடு பரவியிருக்கும் விதம் ஒழுங்கில்லாதது. இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு பள்ளம். அப்படியே எடுத்தால் கணக்கு போட முடியாது. ஃபூரியர் செய்த தந்திரம் இதுதான்: அந்தக் கோணல் வடிவத்தைச் சுத்தமான அலைகளின் கூட்டலாகப் பிரித்தார். வளையத்தை ஒருமுறை சுற்றி வரும்போது ஒருதடவை ஏறி இறங்கும் அலை கொஞ்சம், ரெண்டு தடவை ஏறி இறங்கும் அலை கொஞ்சம், மூணு தடவை ஆடும் அலை கொஞ்சம். ஏ-என், பி-என் என்று நாம் கண்டுபிடிப்பது இந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைத்தான். வேறொன்றும் இல்லை.

பிரித்த பிறகுதான் அழகே தெரிந்தது. ஒவ்வொரு அலையும் தன்பாட்டுக்குத் தணிகிறது. அதுவும் ஒரே வேகத்தில் இல்லை. ரெண்டாவது அலை முதல் அலையைவிட 4 மடங்கு வேகமாகத் தணியும். மூணாவது 9 மடங்கு. பத்தாவது 100 மடங்கு. அதாவது பொடிப்பொடி நெளிவுகள் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். பெரிய, மெதுவான அலை மட்டும் நெடுநேரம் நிற்கும். நுணுக்கங்களை இரும்பு முதலில் மறந்துவிடுகிறது. மொத்த வடிவத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

இதை நீங்க காலால் உணர்ந்திருக்கீங்க. சித்திரை மாத மதியம் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் வெறுங்காலோடு நடந்தால் கல் சுடும். ஓடிப்போய் மண்டபத்துக்குள் ஏறினால் தரை ஜில்லுன்னு இருக்கும். கனமான கல்லுக்குள் பகல், இரவு என்ற வேகமான ஏற்ற இறக்கம் ரொம்ப ஆழம் போக முடியாது. ஒரு வருஷத்தில் ஒருமுறை ஏறி இறங்கும் கோடை, மார்கழி என்ற மெதுவான அலைதான் ஆழம் போகும். எவ்வளவு ஆழம்? 365-ன் வர்க்கமூலம், சுமார் 19. தினசரி அலையைவிட 19 மடங்கு ஆழம். கிணற்றுத் தண்ணி கோடையில் குளுகுளுன்னும் மார்கழி விடிகாலையில் வெதுவெதுப்பாகவும் இருப்பதற்கும் இதே சமன்பாடுதான் காரணம். மண்ணுக்குள் தினசரி அலையும் வருட அலையும் எப்படி இறங்கும் என்று ஃபூரியரே கணக்குப் போட்டிருக்கிறார்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. எதையும் மெதுவான அலை, வேகமான அலை என்று பிரித்துவிட்டால், எது முக்கியம், எதை விடலாம் என்று தெரிந்துவிடும். பிரிக்கும் முன்னால் அது தெரியவே தெரியாது.

வாத்தியார்கள் ஒத்துக்கொள்ளவில்லை

1807 டிசம்பர் 21. ஃபூரியர் தன் ஆய்வைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார். படித்துப் பார்க்க நான்கு பேர் குழு: லக்ராஞ்சி, லாப்லாஸ், மோன்ஜ், லக்ருவா. மூணு பேர் அவருடைய பழைய வாத்தியார்கள். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவை நினைச்சுப் பாருங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக லாப்லாஸே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

லக்ராஞ்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. சைன் அலை வழுவழுவென்று ஓடுவது. உடைந்த கோடு, படிக்கட்டு மாதிரித் திடீரென்று குதிக்கும் வடிவம், இதையெல்லாம் வழுவழுப்பான அலைகளைக் கூட்டியே வரைய முடியும் என்று ஃபூரியர் சொன்னார். முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் அது உண்மையிலேயே அந்த வடிவத்தில் போய் நிற்குமா? எந்த நிபந்தனையில் நிற்கும்? ஃபூரியரிடம் முழு நிரூபணம் இல்லை. விடை அளவீட்டோடு பொருந்துகிறது என்பது மட்டும் இருந்தது. கட்டுரை அச்சேறவில்லை.

நான்கு வருஷம் கழித்து, வெப்பப் பரவல் பற்றிக் கழகம் ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. ஃபூரியர் கட்டுரையைத் திருத்தி, விரிவாக்கி அனுப்பினார். பரிசு அவருக்குத்தான். ஆனால் நடுவர் அறிக்கையிலேயே முறையில் கறார் போதவில்லை என்று குறை எழுதி வைத்தார்கள். இந்த முறையும் உடனே அச்சேறவில்லை. பரிசு உண்டு, பிரசுரம் இல்லை. அரியர் கிளியர் ஆகியும் சர்டிபிகேட் கைக்கு வராத கதை.

இதற்குள் அரசியல் மறுபடி சுழன்றது. 1815-ல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி, நேராகக் கிரெனோபிள் வழியாகத்தான் வந்தார். மன்னர் ஆட்சியின் அதிகாரியாக இருந்த ஃபூரியர் ஊரைவிட்டு விலகினார். ஆனாலும் நெப்போலியன் அவரை லியோன் பகுதிக்கு நிர்வாகி ஆக்கினார். சில வாரங்களிலேயே ஃபூரியர் பதவியை விட்டார். நெப்போலியன் வீழ்ந்ததும் அவர் ஆள் என்ற முத்திரை விழுந்தது. பாரிஸில் ஒரு புள்ளிவிவர அலுவலக வேலையில் காலம் ஓடியது. 1816-ல் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது மன்னர் 18-ஆம் லூயி மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் மன்னர் இறங்கி வந்தார்.

1822-ல் இரண்டு விஷயம் நடந்தது. வெப்பத்தின் பகுமுறைக் கோட்பாடு என்ற அவருடைய நூல் வெளிவந்தது. முதல் சமர்ப்பிப்புக்கும் இதற்கும் இடையே 15 வருஷம். அதே வருஷம் கழகத்தின் நிரந்தரச் செயலாளராகவும் ஆனார். பிறகு, அச்சேறாமல் கிடந்த தன் பரிசுக் கட்டுரையைக் கழகத்தின் வெளியீட்டிலேயே அச்சிட வைத்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டதாகச் சொல்வார்கள். பூமியின் காற்று மண்டலம் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்ற யோசனையை 1824-ல் எழுதியவரும் இவரே. இன்று பசுமை இல்ல விளைவு என்று நாம் படிப்பதன் ஆரம்பப் புள்ளிகளில் அது ஒன்று.

கடைசிக் காலத்தில் உடம்பு தளர்ந்தது. எகிப்து வெயிலுக்குப் பழகிய உடம்பு பாரிஸ் குளிரைத் தாங்கவில்லையோ என்னவோ, கோடையிலும் கம்பளி உடையைச் சுற்றிக்கொண்டு, சூடேற்றிய அறைக்குள்ளேயே இருப்பார். வெப்பத்தைப் படித்தவர் வெப்பத்தை விட்டு நகரவில்லை. 1830 மே 16-ல் இறந்தார். வயது 62. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

லக்ராஞ்சி கேட்ட கேள்விக்குப் பதில் 1829-ல்தான் வந்தது. டிரிக்லே என்ற ஜெர்மன் இளைஞர், எந்த நிபந்தனைகளில் அந்தக் கூட்டல் சரியாகப் போய் நிற்கும் என்று கறாராக நிரூபித்தார். எம்3 புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் டிரிக்லே நிபந்தனைகள் அதுதான். ரெண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் பண்ணுகிறோமே, அதுக்குப் பின்னாடி இருப்பது ஒரு வாத்தியாருக்கும் மாணவருக்கும் நடந்த சண்டை. வாத்தியார் கேட்ட கேள்வி சரி. மாணவர் கண்ட விடையும் சரி.

வளையத்திலிருந்து டிஸ்க்குக்கு

இப்போ பாட்டியின் டிஸ்க்குக்கு வருவோம்.

1970-களின் தொடக்கம். பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, ஃபூரியரின் வழியில் வந்த ஒரு உருமாற்றத்தை யோசித்தார். கொசைன் அலைகளை மட்டும் வைத்துப் படத்தைப் பிரிப்பது. 1972-ல் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவரின் கருத்து. 1807-ஐ ஞாபகப்படுத்துதுல்ல? அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். ராவ் நம்ம சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்த உருமாற்றத்தின் பெயர் டிசிடி. ஜேபெக் படம், விசிடி, டிவிடி மூன்றுக்கும் இதயம் அதுதான்.

டிவிடிக்கான எம்பெக்-2 முறை படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். ஒரு கட்டத்தில் 64 எண்கள். டிசிடி அதை 64 அலைகளின் அளவாக மாற்றும். முதல் எண், அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்து வருபவை மெதுவான அலைகள். கடைசியில் வருபவை பொடிப்பொடி நெளிவுகள். இதுவரை எதையும் தூக்கி எறியவில்லை. பிரித்து மட்டும் வைத்திருக்கிறது.

அடுத்த படிதான் முக்கியம். ஒவ்வொரு எண்ணையும் ஒரு வகுஎண்ணால் வகுத்து, தசமத்தை வெட்டிவிடும். பொடி நெளிவுகளுக்குப் பெரிய வகுஎண். அதனால் அவற்றில் பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். நம் கண்ணும் ஃபூரியரின் இரும்பு வளையம் மாதிரிதான். மொத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், பொடி நெளிவு குறைந்தால் கண்டுகொள்ளாது. வரிசையாக வரும் பூஜ்யங்களைச் சுருக்கி எழுத மிகக் கொஞ்ச இடம் போதும். இதோடு, முந்தைய படத்தில் இருந்தது அடுத்த படத்தில் நகர்ந்திருந்தால், எங்கே நகர்ந்தது என்று மட்டும் குறிக்கும். இரண்டும் சேர்ந்துதான் 24-ல் 23 பங்கு மிச்சமாகிறது.

ஆக, சாஃப்ட்வேரில் பிட்ரேட் என்ற பெட்டியில் ஒரு எண்ணை அடிக்கிறீங்களே, அப்போ நீங்க உண்மையில் செய்வது அந்த வகுஎண் எவ்வளவு பெரிதாகலாம் என்று சொல்வதுதான். எண்ணைக் குறைத்தால் வகுஎண் பெருக்கும், பூஜ்யங்கள் கூடும், ஃபைல் சுருங்கும். அளவுக்கு மீறினால் மெதுவான அலைகளும் அடிபடும். ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி மட்டும் மிஞ்சும். திரையில் சதுரம் சதுரமாக உடைந்து தெரிவது அதுதான்.

உங்க டிஸ்க்குக்கு ஃபூரியர் கணக்கு

1. ஃபைல் அளவு என்பது பிட்ரேட்டையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. மூல ஃபைல் எவ்வளவு பெரிசு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 700 எம்பி படத்தை டிவிடியாக மாற்றினால் 4 ஜிபி ஆகிறதேன்னு பலரும் குழம்புவாங்க. புதிய முறையில் சுருக்கின அந்தப் படத்தை விரித்து, எம்பெக்-2-வில் நீங்க சொன்ன பிட்ரேட்டில் மறுபடி எழுதுகிறது. அளவு கூடும், தரம் கூடாது. ஏற்கெனவே எறிந்த அலைகள் திரும்பி வராது.

2. ஒரு மணி நேரத்துக்கு 8 மெகாபிட் தாராளம். டிவிடியில் படத்துக்கு உச்ச வரம்பு 9.8 மெகாபிட். உச்சம் வரை போனால் பழைய பிளேயர்கள் நம்ம எரித்த டிஸ்க்கைப் படிக்கத் திணறும். 2 மணி நேரத்துக்கு மொத்தம் 5.2, 3 மணி நேரத்துக்கு மொத்தம் 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். இதில் ஒலியைக் கழித்து, மெனு மாதிரி மேல்செலவுக்கு 3 அல்லது 4 சதவீதம் விட்டுட்டு, மீதியைப் படத்துக்குக் கொடுங்க.

3. ஒலியைக் கவனிங்க. சுருக்காத ஒலி நொடிக்கு 1.536 மெகாபிட் தின்னும். 2 மணி நேரத்துக்கு 1.38 ஜிபி. டால்பி முறையில் 192 கிலோபிட் வைத்தால் 0.17 ஜிபி போதும். மிச்சமாகும் 1.2 ஜிபி அப்படியே படத்துக்குக் கிடைக்கும்.

4. மாறும் பிட்ரேட், இரண்டு சுற்று என்று ஆப்ஷன் இருந்தால் அதையே போடுங்க. மேடையில் ஒருத்தர் நின்று பேசும் காட்சிக்குக் கொஞ்சம் பிட் போதும். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஆயிரக்கணக்கான பேர், பீய்ச்சி அடிக்கும் தண்ணீர், துளித் துளியாக வெயில். அது முழுக்க வேகமான அலை. நிறைய பிட் கேட்கும். முதல் சுற்றில் சாஃப்ட்வேர் முழுப் படத்தையும் பார்த்து எங்கே எவ்வளவு தேவை என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் பங்கு பிரிக்கும். மொத்த அளவு மாறாது, பங்கீடு நியாயமாகும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

5. ஸ்டாண்டு போட்டு எடுங்க. கை நடுக்கமும், இரவு தசாவதாரக் காட்சியில் தெரியும் புள்ளிப் புள்ளி இரைச்சலும் வேகமான அலைகள்தான். சாஃப்ட்வேருக்கு அது குப்பை என்று தெரியாது. சாமி முகத்துக்குப் போகவேண்டிய பிட்டை அந்தக் குப்பைக்குச் செலவழிக்கும். இரைச்சலை முன்கூட்டியே கொஞ்சம் வடிகட்டினால் அதே அளவில் படம் தெளியும்.

6. 3 மணி நேரத்துக்கு மேல் போனால் பிட்ரேட்டை மட்டும் நசுக்காதீங்க. 352 × 576 என்ற பாதி அகலமும் டிவிடியில் அனுமதி உள்ளதுதான். சதுரங்களாக உடைந்த முழு அகலத்தைவிடக் கொஞ்சம் மங்கலான பாதி அகலம் கண்ணுக்கு இதம். இல்லையா, ரெண்டு டிஸ்க்காப் போடுங்க. விசிடி காலத்தில் ஒரு டிஸ்க்கில் 74 நிமிஷம்தான். ஒரு தமிழ்ப் படம் ரெண்டு மூணு விசிடியாத்தான் வரும். அப்பவும் சனம் ரசிச்சுத்தான் பார்த்தது.

எத்தனை ஜிபி டிஸ்க் வந்தாலும், எவ்வளவு வேக நெட் வந்தாலும், விடுவதற்கு ஏதோ ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். எதை விடலாம் என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் பிரித்துப் பார்க்கணும். பிரித்துப் பார்க்கும் வழியை ஒசேர் ஊர்த் தையல்காரர் மகன் இரும்பு வளையத்தைச் சூடாக்கிக் கண்டுபிடித்தார். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பேர் பெயர்களில் அவர் பெயரும் இருக்கு. அவருடைய வாத்தியார் லக்ராஞ்சி பெயரும் அங்கேதான் இருக்கு.

இந்த முறை எம்3 எழுதப் போகிறவர்களுக்கு வாழ்த்துகள். பி-என் கண்டுபிடிக்கும்போது ஏன் பெரிய என்-க்கு விடை சின்னதாகிக்கொண்டே போகிறது என்று ஒரு நொடி பாருங்க. உங்க டிஸ்க்கில் மிச்சமாகும் இடம் அதுதான்.